வாய்க்கால் அடைச்சா தறி நிற்கும்: தெருச் சங்கம், கிராம சபை, பகுதி சபை... எதை எங்கே கேட்கணும்? முழு விளக்கம்

வேலூர் – திருவண்ணாமலை சாலையில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே இருக்கிறது சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது திரும்புகிற இடம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் மழைக்காலம் வந்தால் நெசவாளர் வீடுகளில் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வந்தால் முதலில் இறங்குவது தறிக்குழியில்தான். குழித்தறியில் நெசவு செய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். குழியில் தண்ணீர் நின்றால் தறி நிற்கும். ஈரம் ஏறினால் பட்டுப் பாவும் கெடும். நெய்த சேலைக்குத்தான் கூலி என்பதால், குழி காய்கிற வரைக்கும் வருமானம் கிடையாது.

ஆக, இங்கே தெரு வாய்க்கால் சுகாதாரப் பிரச்சினை மட்டும் இல்லை, சோத்துப் பிரச்சினை. இதை யாரிடம் கேட்பது? ஒரு வீட்டுக்காரர் மனு கொடுத்தால் போதுமா? தெருவே சங்கமாகச் சேர்ந்தால் என்ன மாறும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்க ஊர் எந்த வகை?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் நிர்வாகம் வேறு வேறு. ஆரணி ஒரு நகராட்சி. கண்ணமங்கலம் ஒரு பேரூராட்சி. சந்தவாசல் ஒரு கிராம ஊராட்சி. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு.

* கிராம ஊராட்சி என்றால்: கிராம சபை
* பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால்: பகுதி சபை மற்றும் வார்டு குழு

1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-வது அரசியல் சாசனத் திருத்தம் கிராமங்களுக்கும், 74-வது திருத்தம் நகரங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளை உறுதி செய்தன. இரண்டும் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் கிராமங்களுக்கு 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது.

கிராம சபையில் யார் உட்காரலாம்?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். தனியாகச் சந்தா இல்லை, யாருடைய சிபாரிசும் தேவையில்லை. சொந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு உரிமையோ, அங்கே ஓட்டு இருக்கிற வாடகைக்காரருக்கும் அதே உரிமை. தறி முதலாளிக்கும் கூலி நெசவாளருக்கும் ஒரே மதிப்பு.

முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என ஆண்டுக்கு 4 முறை கூட்டம் நடந்தது. 2022-ல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு 6 கூட்டம் என்று ஆனது. சில நேரம் தேதி தள்ளிப்போகும். அதனால் ஊராட்சி அலுவலக அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தபட்ச ஆட்கள் வர வேண்டும்.

* மக்கள் தொகை 500 வரை: 50 பேர்
* 501 முதல் 3,000 வரை: 100 பேர்
* 3,001 முதல் 10,000 வரை: 200 பேர்
* 10,000-க்கு மேல்: 300 பேர்

இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெருச் சங்கம் ஏன் தேவை என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

தலைவர் இல்லாத ஊராட்சியில் என்ன நடக்கும்?

திருவண்ணாமலை உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

ஊராட்சித் தலைவர் இருக்கும்போது டீக்கடையில் பார்த்துக்கூட 'என்ன தலைவரே, எங்க தெரு சாக்கடை என்னாச்சு?' என்று கேட்டுவிடலாம். ஓட்டு கேட்டு மறுபடியும் வர வேண்டியவர் என்பதால் அவரும் பதில் சொல்வார். தனி அலுவலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்ப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் கிராம சபைதான் மக்கள் நேராகப் பேசிப் பதிவு செய்யக்கூடிய இடம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் கிராம சபைக்குப் போகாமல் இருப்பது, இருக்கிற ஒரே கதவையும் நாமே சாத்துவதுக்குச் சமம்.

நகரத்தில் பகுதி சபை: அப்படின்னா என்ன?

கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப நாளாக இருந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபை. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

இதன் மீது ஒரு விமர்சனமும் உண்டு. பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். இதனால் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே உள்ளே வந்துவிடுவார்கள் என்று சமூக ஆர்வலர்கள் சொல்கிறார்கள். அந்தக் குறை இருந்தாலும், கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேச ஆரணி நகரவாசிக்கு இப்போது ஒரு இடம் இருக்கிறது.

சபைதான் இருக்கே... அப்புறம் சங்கம் எதுக்கு?

நியாயமான கேள்வி. சபைக்குச் சட்டத்தின் பலம் உண்டு. ஆனால் அது ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் கூட்டத்தில் ஒரு தெருவின் வாய்க்கால் பிரச்சினைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தயார் இல்லாமல் போனால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

சங்கத்துக்குச் சட்டபூர்வமான அதிகாரம் கிடையாது. ஆனால் அது ஆண்டு முழுக்க இருக்கும். எந்த இடத்தில் அடைப்பு, எத்தனை வீட்டில் தண்ணீர் புகுந்தது, எத்தனை தறி நின்றது என்று கணக்கெடுக்கும். கூட்டத்துக்கு ஆட்களை அழைத்துவரும். தீர்மானம் போட்ட பிறகு அது என்ன ஆனது என்று விசாரிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், சங்கம் வீட்டுப்பாடம் செய்யும் இடம். சபை பரீட்சை எழுதும் இடம். சங்கம் மட்டும் இருந்தால் கோரிக்கைக்குப் பலம் இருக்காது. சபை மட்டும் இருந்தால் கோரிக்கைக்குத் தொடர்ச்சி இருக்காது. மேலே பார்த்த குறைந்தபட்ச எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். 200 பேர் வர வேண்டிய கூட்டத்துக்கு 2, 3 தெருச் சங்கங்கள் சேர்ந்து வீட்டுக்கு ஒருவரைக் கூட்டிவந்தாலே பெரும்பகுதி நிறைந்துவிடும்.

நெசவாளர் தெருக்களுக்கு இது புதிதும் இல்லை. அதிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடும் வேலை ஒரு வீட்டாரால் மட்டும் ஆகாது. அக்கம்பக்கத்தார் கை கொடுக்க வேண்டும். தெருவும் சுத்தமாக இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் பழகிய விஷயம்தான். கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கியது.

சென்னை எக்ஸ்னோரா சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் தெருச் சங்கம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் எக்ஸ்னோரா. வங்கியாளரான எம்.பி.நிர்மல் 1989-ல் சென்னையில் இதைத் தொடங்கினார். யோசனை ரொம்ப எளிது. ஒரு தெருவில் உள்ள வீடுகள் சேர்ந்து மாதாமாதம் சின்னத் தொகை போடும். அந்தப் பணத்தில் ஒருவருக்குச் சம்பளமும் மூன்று சக்கர வண்டியும் கொடுத்து வீடு வீடாகக் குப்பை எடுக்க வைப்பார்கள். அவரைக் குப்பைக்காரர் என்று கூப்பிடாமல், தெருவை அழகாக்குபவர் என்று பெயர் கொடுத்தார்கள். நகரம் முழுக்கப் பல தெருக்களுக்கு இது பரவியது.

ஆனால் தெருவில் எடுத்த குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாநகராட்சியின் தொட்டியும் லாரியும் தேவைப்பட்டன. 2000-ல் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. 'வரி கட்டுறோம், நிறுவனம் வந்து எடுக்குது, அப்புறம் எதுக்குத் தனியாகப் பணம்?' என்ற கேள்வி எழுந்தது. பல தெருக்களில் அமைப்பு சுருங்கியது.

பாடம் என்ன? ஒரு தெரு தன் சொந்த முயற்சியில் நல்ல வேலை செய்ய முடியும். ஆனால் உள்ளாட்சி அமைப்பின் திட்டத்தில் அந்த வேலைக்கு எழுத்துப்பூர்வமான இடம் இல்லை என்றால், மேலே எடுக்கும் ஒரு முடிவில் அது கரைந்துபோகும். தெருவில் தொடங்கும் வேலையைச் சபைத் தீர்மானத்தில் ஏற்றுவது அதனால்தான் முக்கியம்.

சங்கத்தைப் பதிவு செய்வது எப்படி?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவு செய்யலாம்.

* குறைந்தது 7 பேர் சேர்ந்து தொடங்க வேண்டும்.
* சங்கத்தின் நோக்கம், விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும்.
* நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.
* ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதற்கான நடைமுறைகளைக் கேட்டுக்கொள்ளலாம். பதிவு செய்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது எளிது. பணம் யாருடைய சட்டைப்பையிலும் இருக்காது என்பதுதான் இதில் பெரிய நன்மை.

கிராம சபையில் பேசுவதற்குப் பதிவு தேவையில்லை. வாக்காளராக இருந்தால் போதும்.

பணம் எங்கிருந்து வரும்?

'ஊராட்சியில பணம் இல்ல' என்பது அடிக்கடி கேட்கும் பதில். எந்தெந்த வழியில் பணம் வருகிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

நிதி ஆணைய மானியம்: 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதி ஆணையம் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம், குடிநீர் மற்றும் சுகாதாரத்துக்கு என்றே ஒதுக்கப்பட்டது. எனவே, 'இந்த மானியத்தில் நம்ம ஊருக்கு எவ்வளவு வந்தது, கழிவுநீர் வேலைக்கு எவ்வளவு செலவானது?' என்று சபையில் கேட்க முடியும்.

நமக்கு நாமே திட்டம்: 1997-98-ல் தொடங்கியது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22-ல் மறுபடியும் பழைய பெயருக்கு வந்தது. பொதுவாக வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு கொடுக்கும். 3 லட்சம் ரூபாய் வேலைக்கு 1 லட்சம் மக்கள் பங்கு. ஏழைத் தெருவுக்கு அந்தத் தொகையே பெரிசு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஊராட்சியின் சொந்த வருவாய்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து இது சாத்தியமானது. தன் தேவைக்குப் போக மீதி மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊராலும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால் ஊராட்சிக் கணக்கு சீராக இருந்தால் வங்கியும் நம்பும் என்பதற்கு இது சாட்சி.

வாய்க்கால் யாருடையது? இதுதான் பாதி வேலை

மனு கொடுத்து அலைய விடுவதற்குப் பெரிய காரணம், தவறான அலுவலகத்தில் கொடுப்பது.

* தெருவுக்குள் இருக்கும் கழிவுநீர்க் கால்வாய்: ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி
* பெரிய சாலையோர வடிகால்: நெடுஞ்சாலைத் துறை
* தண்ணீர் போய்ச் சேரும் ஏரி: பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் இருந்தால் ஊராட்சி ஒன்றியம்
* வாய்க்கால் ஆக்கிரமிப்பு: வருவாய்த் துறை

தெருவில் கால்வாய் கட்டி முடித்தும் தண்ணீர் வடியவில்லை என்றால், அது போய்ச் சேரும் இடத்தில் அடைப்பு இருக்கலாம். அங்கே ஊராட்சியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்தால், வாய்க்கால் எந்த வழியாகப் போக வேண்டும், அது புறம்போக்கா பட்டாவா என்பது தெரியும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை: படிப்படியாக

1. தெருக்கூட்டம்: கோயில் திண்ணையோ பள்ளி வாசலோ போதும். வீட்டுக்கு ஒருவர். பெண்களும் நேரில் வர வேண்டும்.

2. கணக்கெடுப்பு: அடைப்பு உள்ள இடங்களைப் புகைப்படம் எடுங்கள். கடந்த மழையில் எத்தனை வீட்டில் தண்ணீர் வந்தது, எத்தனை தறி எத்தனை நாள் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ரொம்பக் கஷ்டம்' என்பதைவிட 'இத்தனை தறி, இத்தனை நாள்' என்பதற்குத்தான் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

3. சபையில் தீர்மானம்: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதனால் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே கோரிக்கையை வைப்பது நல்லது. அக்டோபரில் கேட்டால் தாமதம். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

4. மனு: தீர்மானத்தைக் குறிப்பிட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுங்கள். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதியலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரக் கூடாது.

5. தொடர்ந்து கேட்பது: பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தீர்மான நகல், மதிப்பீடு, செலவுக் கணக்கு எல்லாவற்றையும் கேட்கலாம்.

சங்கம் எங்கே உடையும்?

முதல் காரணம் கணக்கு. இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலை விவரிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் மறுபடி வர முடியாது என்கிறது அது. ஆனால் அந்தச் சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களுக்கானது. பெண்களுக்கோ மற்ற சாதியினருக்கோ இடமில்லை. கணக்கு விதியை எடுத்துக்கொள்ளலாம். யாரை வெளியே வைத்தது என்பதிலிருந்து எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் இரண்டாவது காரணமும் அதுதான்: யார் விடுபடுகிறார்கள் என்பது. பல நகரங்களில் சங்கம் என்பது சொந்த வீட்டுக்காரர்கள் சங்கமாகவே இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர், கூலிக்கு நெய்பவர், காலனித் தெருவில் இருப்பவர் எல்லாம் வெளியே. தண்ணீர் முதலில் புகுவது பெரும்பாலும் இவர்கள் வீட்டில்தான். மேட்டில் இருக்கும் தெரு தன் கால்வாயை மட்டும் சரிசெய்தால், அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் தெருவுக்குப் போகும். அதனால் மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் ஒரே சங்கத்திலோ, குறைந்தபட்சம் ஒரே கோரிக்கையிலோ இருப்பது அவசியம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதற்குக் கைகொடுக்கும். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. வாராவாரம் கூடி, வரவு செலவு எழுதிப் பழகியவர்கள். தெருச் சங்கத்தின் நோட்டை அவர்களிடம் கொடுத்தால் கணக்குத் தகராறு பாதி குறையும்.

மூன்றாவது காரணம் கட்சி. சங்கத் தலைவர் பதவி கவுன்சிலர் சீட்டுக்கு ஏணியாக மாறினால் மறு தரப்பு ஒதுங்கிக்கொள்ளும். 3 ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகிகளை மாற்றுவது இதற்கு எளிய மருந்து.

வெளிநாட்டில் எப்படி?

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் பகுதிவாரியாகக் கூடி, மாநகர பட்ஜெட்டில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று முடிவு செய்தார்கள். பக்கத்து மாநிலமான கேரளாவில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் ஒரு விஷயம் பொது: மக்கள் கூடிப் பேசியதோடு, செலவு செய்யும் பணத்தின் மீதும் அவர்களுக்குப் பிடி கிடைத்தது. கூட்டத்தில் பேசினால் பட்ஜெட்டில் மாற்றம் வரும் என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமலே ஆள் வரும்.

சுருக்கமாக

* சந்தவாசல் போன்ற ஊராட்சியில் கிராம சபை. ஆரணி, கண்ணமங்கலம் போன்ற இடங்களில் பகுதி சபை.
* தெருச் சங்கம் கணக்கெடுக்கும், ஆள் திரட்டும், தொடர்ந்து கேட்கும். சபைத் தீர்மானம் அதற்குப் பலம் கொடுக்கும்.
* மனு கொடுக்கும் முன் வாய்க்கால் எந்தத் துறையுடையது என்று பாருங்கள்.
* பருவமழைக்கு முந்தைய சபைக் கூட்டத்திலேயே கோரிக்கையை ஏற்றிவிடுங்கள்.
* வாடகைக்காரர், கூலி நெசவாளர், பெண்கள், பள்ளத் தெரு யாரும் விடுபடக் கூடாது.

ஒரு வாய்க்காலைத் தூர்வார ஆகும் செலவு பல நேரம் பெரிய தொகை இல்லை. மழை கொட்டிய பிறகு வந்து பார்வையிடும் அதிகாரியிடம் கேட்பதைவிட, மழைக்கு 2 மாதம் முன்பு தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏற்றுவது சுலபம். அந்த வரி ஏறினால்தான், வேலை நடக்காதபோது 'ஏன் நடக்கல?' என்று கேட்க தெருவின் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.